மார்ட்டின் பெக் வரிசையில எட்டாவது புத்தகம்தான் கைல இருக்கு, அதுலேர்ந்து ஆரம்பிக்கலாமா?

கேள்வி இதுதான்: பழைய புத்தகக் கடையில 'த லாக்ட் ரூம்' கிடைச்சிருக்கு, மார்ட்டின் பெக்ங்கற ஸ்வீடன் போலீஸ் அதிகாரி வர்ற நாவல் வரிசையில அது எட்டாவதுன்னு தெரிஞ்சிருக்கு, இன்னும் பிரிக்கல, தனியா படிச்சா புரியுமா இல்ல ஒண்ணுலேர்ந்து வரணுமா, அப்புறம் இந்த ஸ்வீடன் க்ரைம் நாவல்லாம் ரொம்ப ஸ்லோவா போகும்னு சொல்றாங்களே அது நெஜமா.

புரியும். கேஸ் அந்தப் புத்தகத்துக்குள்ளயே ஆரம்பிச்சு அதுலயே முடிஞ்சிடும். ஆனாலும் தயவுசெஞ்சு அதை அப்படியே அலமாரியில வெச்சுட்டு முதல் புத்தகமான 'ரோசன்னா'வைத் தேடி வாங்குங்க. இந்தப் பத்துப் புத்தகத்தையும் நான் வரிசையா ரெண்டு தடவை படிச்சிருக்கேன், அதுக்கு முன்னாடி ஒரு தடவை வரிசை இல்லாம படிச்சு ஒரு நல்ல புத்தகத்தைக் கெடுத்துக்கிட்டேன், அந்த அனுபவத்துலதான் சொல்றேன்.

பொதுவா துப்பறியும் தொடர்னா எதுலேர்ந்து வேணாலும் ஆரம்பின்னு சொல்லுவாங்க. பெரும்பாலான தொடருக்கு அது சரியான பதில்தான். நம்ம ஊர்ல பஸ் ஸ்டாண்ட் கடையில வாங்கிப் படிச்ச மாத நாவல்ல எல்லாம் ஹீரோவுக்கு வயசே ஆகாது, இருபது வருஷம் கழிச்சு எடுத்தாலும் அதே ஜோடி அதே பைக் அதே கிண்டல், எந்த மாசத்து நாவலை எடுத்தாலும் ஒண்ணுதான். ஷெர்லாக் ஹோம்ஸ்ல நாலு நாவல், 56 சிறுகதை, ஒண்ணு ரெண்டைத் தவிர எப்படிக் கலைச்சுப் போட்டுப் படிச்சாலும் ஒண்ணும் குறையாது. சிமெனோன் எழுதின பிரெஞ்சு போலீஸ் அதிகாரி மெக்ரே 75 நாவல்ல வர்றாரு, அங்கயும் பைப்பும் மனைவி சமையலும் அப்படியே இருக்கும், கேஸ் மட்டும் மாறும்.

மார்ட்டின் பெக் அப்படி இல்ல. இதை எழுதினது ரெண்டு பேர், மாய் ஷோவால், பெர் வாலூ. ரெண்டு பேருமே பத்திரிகைக்காரங்க, சேர்ந்து வாழ்ந்தவங்க. இவங்க முதல் புத்தகத்துக்கு முன்னாடியே கணக்குப் போட்டுட்டாங்க, மொத்தம் பத்துப் புத்தகம், ஒவ்வொண்ணுலயும் முப்பது அத்தியாயம், ஆக 300 அத்தியாயத்துல ஒரே நாவல். பத்துக்கும் சேர்த்து ஒரே துணைத்தலைப்பு, தமிழ்ல சொன்னா 'ஒரு குற்றத்தைப் பத்தின நாவல்'. 1965ல ஆரம்பிச்சு 1975ல முடிச்சாங்க. ராத்திரி பிள்ளைங்களைத் தூங்க வெச்சுட்டு உக்காந்து ஆளுக்கு ஒரு அத்தியாயமா மாத்தி மாத்தி எழுதுவாங்களாம், அப்படியும் எது யார் எழுதினதுன்னு எனக்கு ஒரு இடத்துலகூடப் பிரிக்க முடியல. பெர் 1975 ஜூன்ல இறந்துட்டாரு, பத்தாவது புத்தகம் வந்ததும் அதே வருஷம்தான். மாய் அதுக்கப்புறம் 45 வருஷம் இருந்தாங்க, 2020லதான் போனாங்க, ஆனா பதினொண்ணாவதுன்னு ஒண்ணு வரவே இல்ல. பத்துன்னா பத்துதான்.

அதனால நீங்க எட்டாவதுலேர்ந்து ஆரம்பிக்கறது ஒரு பெரிய நாவலை 211ஆவது அத்தியாயத்துல தொறக்கற மாதிரிதான்.

இது சும்மா அழகுக்குச் சொல்றது இல்ல, நெஜமாவே நஷ்டம் இருக்கு. ஏழாவது புத்தகம் 'தி அபாமினபிள் மேன்' ஒரே நாள்ல நடக்கற கதை, கடைசி நாப்பது அம்பது பக்கம் நகத்தைக் கடிச்சுக்கிட்டுதான் படிக்கணும். அது எப்படி முடியுதுன்னு எட்டாவதுல பெக் உள்ள வர்ற இடத்துலயே தெரிஞ்சிடும், மறைச்செல்லாம் வெக்கல, ஏன்னா எழுதினவங்க நீங்க ஏழைப் படிச்சுட்டுதான் வந்திருப்பீங்கன்னு எடுத்துக்கறாங்க. ஒன்பதாவது 'காப் கில்லர்' இன்னும் மோசம், அதுல முதல் புத்தகத்தோட கொலைகாரன் திரும்ப வர்றான், பேரோட, ஊரோட, இப்ப எங்க குடியிருக்கான்ங்கறதோட. நான் அதைத்தான் முதல்ல படிச்சேன். ஒரு லெண்டிங் லைப்ரரியில கிடைச்சது, ஆர்வத்துல ரெண்டு நாள்ல முடிச்சேன், அப்புறம் ஆறு மாசம் கழிச்சு 'ரோசன்னா' கைக்கு வந்தப்போ யார் பண்ணினதுன்னு முன்னாடியே தெரியும். அந்தப் போலீஸ்காரங்க மாசக்கணக்கா பேர்கூடத் தெரியாம அலையறாங்க, எனக்கு மட்டும் தெரியும். அந்த அலைச்சலைக் கூட இருந்து அனுபவிக்கற வாய்ப்பு எனக்குத் திரும்ப வராது. உங்களுக்கு இன்னும் இருக்கு, அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

இப்ப ஸ்லோங்கற விஷயத்துக்கு வர்றேன். ஆமா, ஸ்லோதான், ஆனா அந்த மெதுவுலதான் சுவாரசியமே இருக்கு.

'ரோசன்னா' எப்படி ஆரம்பிக்குதுன்னு பாருங்க. ஸ்வீடன்ல யோத்தா கால்வாய்னு ஒண்ணு நாட்டுக்குக் குறுக்கே போகுது, மூத்தாலாங்கற ஊருக்குப் பக்கத்துல பூரன்ஷுல்ட்னு ஒரு இடத்துல படகை ஏத்தி இறக்கற மதகுகள் இருக்கு. அங்க மண்ணு மேடு தட்டிப்போச்சு, தூர் வாரணும். தூர் வார்ற இயந்திரத்தைக் கொண்டுவர எந்த ஆபீஸ் யாருக்கு எழுதுச்சு, யார் பணம் கட்டணும்னு எப்படி இழுத்தாங்க, ஃபைல் எங்கெங்க சுத்துச்சுன்னு முதல்லயே பொறுமையா சொல்றாங்க, நம்ம பொதுப்பணித்துறையில ஏரி தூர் வார்ற கதை மாதிரியேதான் இருக்கும். அப்புறம் ஜூலை எட்டாம் தேதி, மத்தியானம் மூணு மணி தாண்டி, அந்த இரும்பு வாளி சேத்தோட மேல வருது, அதுலேர்ந்து ஒரு பொண்ணோட கை தொங்குது. வேடிக்கை பாத்துட்டு இருந்த ஜனம் அப்படியே நிக்குது. துணி இல்ல, நகை இல்ல, பை இல்ல, யாரும் காணோம்னு புகார்கூட குடுக்கல. மார்ட்டின் பெக் ஸ்டாக்ஹோம்லேர்ந்து வந்து உள்ளூர்ப் போலீஸ்காரரோட உக்காந்து பாக்கறாரு, புடிச்சுத் தொங்க ஒரு நூல்கூட இல்ல.

மூணு மாசம் அவ பேரே தெரியாது. வேற நாவலா இருந்தா பத்துப் பக்கத்துல பேர் கிடைச்சிருக்கும். இங்க அந்த மூணு மாசமும் நடக்குது. பெக் கேன்டீன்ல சாப்பிடறாரு, காபி ஒத்துக்காம வயித்தைப் புடிச்சுக்கறாரு, சளி புடிக்குது, வீட்ல மனைவியோட பேச ஒண்ணும் இல்ல, டேபிள்ல உக்காந்து கப்பல் மாடல் ஒட்டறாரு. ஒரு நாள் அமெரிக்காவுல நெப்ராஸ்கா மாநிலத்துல லிங்கன்ங்கற ஊர்லேர்ந்து தகவல் வருது, காஃப்காங்கற ஒரு போலீஸ்காரர் அனுப்பறாரு, அவ பேரு ரோசன்னா மெக்ரா, நூலகத்துல வேலை பாத்தவ, வயசு 27. அந்த இடத்துல எனக்கு மயிர்க்கூச்செடுத்துச்சு, இத்தனைக்கும் அது ஒரு பேரு மட்டும்தான், ஆனா மூணு மாசம் நாமளும் சேர்ந்து காத்திருந்து கிடைச்ச பேரு.

அதுக்கப்புறம் அவ போன சுற்றுலாப் படகுல பயணிகளும் ஊழியர்களும் சேர்த்து 85 பேர், அதுல ஒருத்தன் கொலைகாரனா இருக்கலாம், மத்தவங்க சாட்சி, ஆனா எல்லாரும் லீவு முடிஞ்சு உலகம் பூரா கலைஞ்சு போயிட்டாங்க. இப்ப என்ன பண்ணுவீங்க? இவங்க என்ன பண்றாங்கன்னா, எல்லாருக்கும் லெட்டர் போட்டு, நீங்க அந்தப் பயணத்துல எடுத்த போட்டோவையெல்லாம் அனுப்புங்கன்னு கேக்கறாங்க. 1960கள், போன்ல கேமரா கிடையாது, ஃபிலிம் ரோல்தான். ஒவ்வொரு கவரா வருது. யாரோ ஒரு குடும்பம் மேல்தளத்துல சிரிச்சுட்டு நிக்குது, பின்னாடி ஓரத்துல மங்கலா ஒரு தோள், ஒரு சட்டை. ஒரு நாள் வீட்ல ஓட்டற சின்ன சினிமா ஃபிலிம் சுருளே வருது, இருட்டு ரூம்ல புரொஜெக்டர் ஓடுது, அவ திரையில உயிரோட நடந்து வர்றா, பக்கத்துல ஒருத்தன் இருக்கான். திரும்பப் போடுன்னு சொல்றாங்க, திரும்பத் திரும்ப ஓட்டறாங்க. துப்பாக்கி இல்ல, துரத்தல் இல்ல, நாலு பேர் ஒரு துண்டு ஃபிலிமை உத்துப் பாக்கறாங்க, அவ்வளவுதான், ஆனா நான் புத்தகத்தைக் கீழ வெக்கல. ஜூலைல கிடைச்ச பொணத்துக்கு ஜனவரியிலதான் முடிவு வருது, அதுவரைக்கும் காத்திருக்கறதையே நமக்குப் பழக்கிட்டு, கடைசில அதே காத்திருப்பை வெச்சே நெஞ்சை அடைக்க வெக்கறாங்க.

போலீஸ் வேலைன்னா மூளைக்காரன் ஒருத்தன் ரூமுக்குள்ள நடந்துக்கிட்டே கண்டுபிடிக்கறது இல்ல, சளியோட தூக்கம் கெட்டு ஒரு டீமே ஃபைல் புரட்டறதுன்னு சொன்ன புத்தகங்கள் இது. அமெரிக்காவுல எட் மெக்பெய்ன் ஒரு ஸ்டேஷனையே ஹீரோவா வெச்சு 1956லேர்ந்தே எழுதிட்டு இருந்தாரு, அந்த வழியில இவங்க நடந்தாங்க, ஆனா ஒரு நாட்டையே உள்ள கொண்டுவந்தது இவங்கதான். பின்னாடி வந்த ஸ்வீடன் எழுத்தாளர் ஹென்னிங் மான்கெல்லோட வாலண்டர் போலீஸ் நாவல்கள் எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைங்கதான்.

அப்புறம் ஆளுங்க. பெக் மட்டும் இல்ல இதுல. கோல்பெரி குண்டா, நல்லா சாப்பிடுவாரு, நல்லா பேசுவாரு, ஆனா துப்பாக்கி வெச்சுக்கவே மாட்டாரு, அதுக்கு ஒரு காரணம் இருக்கு, அதை அவர் பழைய வாழ்க்கையிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா தெரிஞ்சுப்பீங்க. மெலாண்டர் பைப் புடிச்சுக்கிட்டு இருப்பாரு, ஒரு தடவை படிச்சது கேட்டது எதையும் மறக்க மாட்டாரு, வேணுங்கறப்போ தேடினா எப்பவும் டாய்லெட்ல இருப்பாரு. குன்வால்ட் லார்சன் மூணாவது புத்தகத்துல வர்றப்போ உங்களுக்குப் புடிக்கவே புடிக்காது, முரடன், மரியாதை தெரியாது, விலை ஒசத்தி கோட்டு போடுவான், அது ஒவ்வொரு தடவையும் நாசமாகும். எனக்கும் புடிக்கல. அஞ்சாவது புத்தகத்துல ஆரம்பத்துலயே ஒரு வீடு தீப்பிடிச்சு எரியுது, அங்க அவன் பண்றதைப் பாத்த பிறகு அவன்னு சொல்ல வாய் வரல, அவர்னுதான் வருது. அந்த மாற்றம் எல்லாம் வரிசையா படிச்சாதான் கிடைக்கும், எட்டாவதுல நேரா போய் அவரைப் பாத்தீங்கன்னா அவர் உங்களுக்கு ஒரு கோவக்காரப் போலீஸ், அவ்வளவுதான்.

நாலாவது 'த லாஃபிங் போலீஸ்மேன்'தான் ரொம்பப் பேர் வாங்கினது, 1971ல அமெரிக்காவுல க்ரைம் நாவலுக்குக் குடுக்கற எட்கர் விருது வாங்குச்சு, நிறைய பேர் அதுலேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லுவாங்க. 1967 நவம்பர், மழை ராத்திரி, ஊர்ல இருக்கற போலீஸ் எல்லாம் அமெரிக்கத் தூதரகத்துக்கு முன்னாடி வியட்நாம் போராட்டத்தை அடக்கப் போயிருக்கு, அப்போ ஒரு மாடி பஸ்ல இருந்த எல்லாரையும் யாரோ மெஷின் கன்னால சுட்டுப் போட்டிருக்கான். சுடப்பட்டவங்கள்ல ஒருத்தர் பெக் டீம்ல வேலை பாக்கற ஆள். முதல் மூணு புத்தகம் படிச்சிருந்தீங்கன்னா அந்த ஆளை உங்களுக்குத் தெரியும், சின்னப் பையன், கத்துக்கிட்டு இருக்கறவன், மூத்தவங்க விரட்டுவாங்க, அவன் அங்க கிடக்கறான்னு தெரியும்போது வலிக்கும். படிக்கலன்னா அது ஒரு பேரு. அதனால அந்தச் சிபாரிசு எனக்கு ஒப்புதல் இல்ல.

அதே புத்தகத்துல ஒரு சின்ன இடம். கிறிஸ்துமஸ். பெக்கோட பொண்ணு இங்ரிட், பாவம் அப்பா சிரிக்கவே மாட்டேங்கறாரேன்னு, ஒரு இசைத்தட்டு பரிசா குடுக்கறா, விழுந்து விழுந்து சிரிக்கற ஒரு போலீஸ்காரனைப் பத்தின பழைய காமெடிப் பாட்டு. வீட்ல எல்லாரும் சிரிச்சு உருள்றாங்க, பெக் மட்டும் முகத்துல சிரிப்புங்கற மாதிரி எதையும் கொண்டுவர முடியாம உக்காந்திருக்காரு. பஸ்ல செத்தவங்க ஞாபகம்னு எங்கயும் எழுதல. அந்த வீட்டுக்குள்ள அவர் எவ்வளவு தனியா இருக்காருன்னு அந்த ஒரு பக்கம் காட்டிடும். அதே காலத்துல அவர் படுக்கையறையை விட்டு ஹால் சோபாவுல தூங்க ஆரம்பிச்சிருப்பாரு, கொஞ்ச நாள்ல வீட்டை விட்டே வந்துடுவாரு, விவாகரத்து ஆகும், அது எதுக்கும் பெரிய சீன் கிடையாது, ரெண்டு வரி மூணு வரிதான்.

இப்ப உங்க கைல இருக்கற எட்டாவதுக்கு வர்றேன். அதுல ரெண்டு கயிறு. ஒண்ணு, ஒரு பேங்க் கொள்ளை. இன்னொண்ணு, உள்பக்கம் பூட்டின ரூம்ல ஒரு கிழவர் சுடப்பட்டுச் செத்துக் கிடக்கறாரு, ஜன்னலும் சாத்தியிருக்கு, துப்பாக்கி மட்டும் எங்கயும் இல்ல, ஆனா முதல்ல பாத்த போலீஸ் தற்கொலைன்னு எழுதி மூடிட்டாங்க. பூட்டின ரூம் புதிர்ங்கறது துப்பறியும் கதையில நூறு வருஷத்துக்கு மேல பழசு, இவங்க அதை எடுத்து, ஒழுங்கா வேலை பாக்காத போலீஸைப் பத்தின கதையா மாத்தியிருக்காங்க. ஆனா எனக்கு அந்தப் புத்தகம் புடிச்சதுக்குக் காரணம் புதிர் இல்ல, ரேயா நீல்சன். செத்த கிழவரைப் பத்தி விசாரிக்கப் போன இடத்துல பெக் அவங்களைப் பாக்கறாரு, ஒரு பழைய குடியிருப்புக்கு வீட்டுக்காரம்மா, ஆனா வாடகைக்கு இருக்கறவங்க எல்லாம் நேரா அவங்க சமையலறைக்குத்தான் வருவாங்க, அடுப்புல ஏதாச்சும் இருக்கும், எடுத்துப் போட்டுச் சாப்பிடலாம், கதவு தொறந்தே கெடக்கும். பெக் அங்க உக்காந்து சாப்பிடறாரு. வயிறு வலிக்கல. ஏழு புத்தகமா இந்த மனுஷன் ஒரு வாய் நிம்மதியா சாப்பிட்டு நான் பாக்கல, அந்தச் சமையலறைப் பக்கங்களை முதல் தடவை படிக்கறப்போ எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பூட்டின ரூம்ங்கற தலைப்பு யாரைச் சொல்லுதுன்னு அப்பதான் புரியும். நேரா எட்டாவதைப் படிச்சா உங்களுக்கு அது ஒருத்தன் யாரோ வீட்ல சாப்பிடற சீன்.

குறையும் சொல்லணும். ரெண்டு பேருமே இடதுசாரிங்க, மார்க்சியவாதிங்க, துணைத்தலைப்புல இருக்கற 'குற்றம்'ங்கறது தனித்தனிக் கொலை இல்ல, மக்கள் நல அரசுன்னு பேர் வாங்கின ஸ்வீடன் தன்னோட ஏழை ஜனங்களுக்குப் பண்ணினதுன்னு இவங்க நினைச்சதுதான். 1965ல ஸ்வீடன் போலீஸை ஊராட்சிகள்கிட்டேர்ந்து எடுத்து மத்திய அரசு கையில குடுத்தாங்க, அதுக்கப்புறம் போலீஸ் எப்படி ராணுவம் மாதிரி ஆயிட்டு வருதுன்னு புத்தகத்துக்குப் புத்தகம் கோவம் ஏறும். முதல் மூணு நாலுல அது கதைக்கு அடியில ஓடும், ஆறாவதுலேர்ந்து மேலயே வந்துடும், சில பக்கத்துல கதையை நிறுத்திட்டுத் தலையங்கம் எழுதற மாதிரி இருக்கும். எனக்கு அந்தக் கோவத்துல பெரும்பகுதி நியாயமாத்தான் படுது, ஆனாலும் நாவலா பாத்தா அந்த இடங்கள் கனமா இருக்கு. மூணாவது 'த மேன் ஆன் த பால்கனி' குழந்தைகளைக் கொல்றவனைப் பத்தினது, விவரிச்சு ரத்தமா எழுதல, இருந்தாலும் வீட்ல சின்னப் புள்ளைங்க இருந்தா ராத்திரியில படிக்காதீங்க. ரெண்டாவது புடாபெஸ்ட்ல நடக்குது, காணாமப்போன ஒரு பத்திரிகைக்காரனைத் தேடறது, வரிசையில கொஞ்சம் லேசானது, ஆனா தாண்டிப் போகாதீங்க, ஒன்பதாவதுல அதுக்கும் ஒரு கணக்கு பாக்கி இருக்கு.

படிக்கறப்போ பேரு குழப்பும், அதுக்கு ஒரு துண்டுச் சீட்டுல பெக், கோல்பெரி, மெலாண்டர், ரென், லார்சன்னு எழுதி புக்மார்க்கா வெச்சுக்குங்க, ரெண்டாவது புத்தகத்துக்கு மேல அது தேவைப்படாது. தெருப் பேரு நீளநீளமா வரும், உச்சரிக்க முயற்சி பண்ணாம கண்ணால தாண்டிப் போயிடலாம். சினிமா, டிவி பக்கம் முதல்ல போகாதீங்க, நாலாவதை 1973ல ஹாலிவுட்ல எடுத்தப்போ ஊரையே சான் பிரான்சிஸ்கோவுக்கு மாத்திட்டாங்க, ஆளுங்க பேரும் வேற. 1997லேர்ந்து வர்ற ஸ்வீடன் 'பெக்' டிவி வரிசையில ஆளுங்க பேரு இருக்கும், கதை எல்லாம் பெரும்பாலும் வேற ஆளுங்க புதுசா எழுதினது. ஏழாவது புத்தகத்தை போ விடெர்பெரிங்கற இயக்குநர் 1976ல எடுத்த ஸ்வீடிஷ் படம் ஒண்ணு மட்டும் அருமை, அதையும் புத்தகம் முடிச்ச பிறகு பாருங்க.

பத்தும் இங்கிலீஷ்ல கிடைக்குது, எல்லாமே ஒல்லிப் புத்தகம், வாரத்துக்கு ஒண்ணுன்னு போனாக்கூட ரெண்டு மாசத்துக்குள்ள உங்க கைல இருக்கற எட்டாவதுக்கு வந்துடுவீங்க. ஒண்ணே ஒண்ணு, 'காப் கில்லர்' வாங்கினதும் பின்னட்டைச் சுருக்கத்தையும் முன்னுரையையும் படிக்காம நேரா முதல் அத்தியாயத்துக்குப் போயிடுங்க. முன்னுரையைக் கடைசியில படிச்சுக்கலாம்.